ஒயிட்ஸ்பாக்: ப்ளூபெர்ரி தோட்டப் பயிரான ஊரில் தன்னார்வலர் வேலை

நியூஜெர்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் ப்ளூபெர்ரி பறிக்கப் போவது வழக்கம். காட்டுப் புதரில் கிடந்த அந்தப் பழத்தைத் தோட்டப் பயிராக்கிய ஊர் அதே மாநிலத்தில், பைன் பேரன்ஸ் மணற்காட்டுக்குள் இருக்கிறது. பெயர் ஒயிட்ஸ்பாக். கடை, பழம் தரம்பிரித்த கட்டடம், பீப்பாய் செய்த இடம், தொழிலாளர் வீடுகள் என்று மரத்தால் கட்டிய ஊர். சுற்றிலும் கிரான்பெர்ரி வயல்களும் நீர்த்தேக்கங்களும். இதைத் தன்னார்வலர்கள்தான் பெரும்பாலும் தாங்கிப் பிடித்து நிற்கிறார்கள். அங்கேயோ, அதுபோன்ற வேறொரு பண்ணைக் கிராமத்திலோ கைகொடுக்க நினைப்பவர்களுக்கு வேலையின் நெளிவுசுளிவுகள் தெரிந்திருந்தால் நல்லது.

கதை சுருக்கமாக. 1850-களில் ஜேம்ஸ் ஃபென்விக் இங்கே கிரான்பெர்ரி பயிரிடத் தொடங்கினார். அவருடைய மருமகன் ஜோசப் ஒயிட் அதைச் சுமார் 3,000 ஏக்கர் பண்ணையாக வளர்த்தார். ஜோசப்பின் மகள் எலிசபெத் ஒயிட், அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃப்ரெடெரிக் கோவில் (Coville) எழுதிய ஆய்வறிக்கையைப் படித்துவிட்டு, 1911-இல் தங்கள் நிலத்திலேயே ஆராய்ச்சியைத் தொடர அழைத்தார். ப்ளூபெர்ரிக்குப் புளிப்பு மண் வேண்டும் என்பதையும், மற்றப் பயிர்களுக்குப் போடும் சுண்ணாம்பு அதைக் கொன்றுவிடும் என்பதையும் கண்டுபிடித்தவர் கோவில். காடு முழுக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்களிடம் 5/8 அங்குலத் துளை போட்ட அளவுப் பலகையைக் கொடுத்தார் எலிசபெத். அந்தத் துளைக்குள் நுழையாத அளவு பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் பணம். புதருக்குக் கண்டுபிடித்தவரின் பெயர். ரூபெல் என்ற ரகம் அப்படி வந்ததுதான். 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது.

1967-இல் மாநில அரசு நிலத்தை வாங்கியது. இன்று அது பிரெண்டன் டி. பைர்ன் மாநில வனத்தின் பகுதி. ஊரைப் பராமரிக்கும் அறக்கட்டளை 1982-இல் அமைந்தது. 1988-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஊர் சேர்ந்தது. இதையெல்லாம் தன்னார்வலர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், நிலமும் கட்டடமும் அரசுடையது. ஆர்வக்கோளாறில் ஒரு பழைய கதவைக் கழற்றி எறிந்துவிட்டு நன்கொடையாக வந்த புதுக் கதவை மாட்டினால், அது உதவி ஆகாது, விதிமீறல் ஆகிவிடும். தோற்றத்தையோ பொருளையோ மாற்றும் எந்த வேலைக்கும் முன்கூட்டி எழுத்தில் ஒப்புதல் வேண்டும். மண்ணைத் தோண்டுவதும் அப்படியே: வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பம் நட நினைத்தாலும் கேட்டுவிட்டுத்தான். பழைய குப்பைக்குழி கூட அங்கே சான்றுதான்.

இந்த ஊரில் எந்த வேலையைத் தொட்டாலும் கடைசியில் தண்ணீரில் போய் நிற்கும். வீட்டுக்குள் வராமல் தடுப்பது ஒரு பாதி, வயலில் நிற்கவைப்பது மறுபாதி.

வீட்டிலிருந்து தொடங்கலாம். புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டிய முதல் வேலை பெயிண்ட் அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முதல் வேலை, மழை பெய்யும் நாளில் கட்டடத்தைச் சுற்றி நடப்பது. கூரையோரத்தில் மழைநீர் ஓடும் எந்தத் தூம்பு நிரம்பி வழிகிறது, தண்ணீர் எந்தச் சுவரில் தெறிக்கிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்பதெல்லாம் வெயில் நாளில் தெரியாது. பைன் ஊசியிலைகள் இலையுதிர்காலத்தில் கொட்டித் தூம்பை அடைத்துவிடும். கூரையின் இரு சரிவுகள் சேரும் பள்ளத்தில் பாய்போலப் படிந்து, மர ஓடுகளை நாள்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். நவம்பர் கடைசியில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை வாரி எடுத்தாலே கூரையின் ஆயுள் கூடும். வாரியதைச் சுவரோரம் குவிக்காதீர்கள். பைன் பேரன்ஸ் அடிக்கடி தீப்பிடிக்கும் காடு. சுவரிலிருந்து 5 அடிக்குள் காய்ந்த ஊசியிலை எதுவும் கிடக்கக் கூடாது.

அடுத்தது மரத்தைக் குத்திப் பார்ப்பது. கூரான திருப்புளி ஒன்று போதும். பார்க்க வேண்டிய இடங்கள்: வீடு முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம், அதிலும் தூம்பு இறங்கும் மூலைகள், தாழ்வாரத் தூண்களின் அடி, ஜன்னல் கீழ்ச்சட்டத்தின் இரு முனைகள், வெயில் படாத வடக்குச் சுவர். பெயிண்ட் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே உளுத்துப்போன பிறகும் மேலே பெயிண்ட் தோல் அப்படியே நிற்கும். திருப்புளி முனையால் ஒரு சின்னச் சிராயை நெம்பிப் பாருங்கள். நல்ல மரம் நீளமாகப் பிளந்து வரும். உளுத்தது குறுக்கே படக்கென்று முறியும். ஈரம் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் காட்டும் மரத்தை மறுபடி வந்து பார்க்க வேண்டும். 15-க்கு மேல் இருந்தால் பெயிண்ட் அடிக்கவே கூடாது, ஒரு குளிர்காலத்தில் உரிந்துவிடும்.

மரச்சுவருக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நூறு ஆண்டுகளில் இலை மக்கி, மணல் சேர்ந்து தரை உயர்ந்திருக்கும். அடிச்சட்டம் மண்ணில் புதைந்திருக்கும். ஒப்புதல் வாங்கி அந்த மண்ணை வெளிப்புறம் சரியும்படி எடுத்துவிடுவது, செலவே இல்லாமல் ஒரு வீட்டைக் காப்பாற்றும் வேலை. உளுத்த அடிச்சட்டத்தை மாற்றுவது வேறு விஷயம். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வேலையைத் தன்னார்வலர் தொடக் கூடாது. அதற்கென்றே இருக்கும் தச்சர்களே ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் உயர்த்துவார்கள். அவசரப்பட்டால் மேலே சுவரின் சாந்துப் பூச்சு வெடிக்கும், கதவுகள் சிக்கிக்கொள்ளும்.

நல்லெண்ணத்தால் வரும் கேடுகள் இரண்டு உண்டு. ஒன்று, உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிச் சுவரைக் கழுவுவது. பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் சுவருக்குள் போய்விடும். சீடர் மரத்தின் மேல்பரப்பு பஞ்சாகிவிடும். இன்னொன்று, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் சுவர்ப்பலகைகளின் கீழ் விளிம்பைச் சிலிக்கான் பசையால் அடைப்பது. அந்த இடுக்குதான் உள்ளே போன ஈரம் வெளியேறும் வழி. ஆணி விஷயத்திலும் கவனம் வேண்டும். சாதாரண இரும்பாணி சீடரில் உள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்பாகக் கோடு இழுக்கும். துருப்பிடிக்காத எஃகு, அல்லது கனமாகத் துத்தநாகம் தோய்த்த ஆணி மட்டுமே.

தன்னார்வலர்களுக்கு மிகவும் ஏற்ற வேலை ஜன்னல். பாரம் தூக்க வேண்டாம், ஏணி அதிகம் வேண்டாம், உட்கார்ந்து செய்யலாம், கை பழகப் பழகத் தரம் கூடும். மேலும் கீழும் நகரும் பழைய ஜன்னல்களின் மரம் அடர்த்தியான இழை கொண்டது. இன்றைக்குக் கடையில் கிடைக்காது. அதனால் மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பதே சிக்கனம்.

முதலில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் எண் கொடுத்துப் படம் எடுங்கள். சட்டத்தின் மறைவான விளிம்பில் எண்ணைக் குத்திவிடுங்கள். காகிதச் சீட்டு வேலையின் நடுவில் காணாமல் போகும். ஒரே அளவாகத் தெரியும் இரண்டு ஜன்னல்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பெயிண்ட் ஒட்டியிருக்கும் கோட்டைக் கத்தியால் கீறிவிட்டுத்தான் தடுப்புச் சட்டத்தை நெம்ப வேண்டும். கீறாமல் நெம்பினால் மரம் பிளந்து வரும். ஜன்னல் சட்டத்தைத் தாங்கும் கயிற்றின் மறுமுனையில் இரும்புக் குண்டு தொங்கும். அறுத்துவிட்டால் அது சுவருக்குள் விழுந்துவிடும், ஆகவே முதலில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியோரம் பூசிய பழைய மக்கு (புட்டி) கல்லாக இறுகியிருக்கும். உளியால் தட்டி எடுக்கப் போனால் கண்ணாடி போய்விடும். ஆவிப் பெட்டியில் வைத்தோ, அகச்சிவப்பு விளக்கால் மெல்லச் சூடாக்கியோ இளக்க வேண்டும். கண்ணாடியின் ஒரு மூலை மட்டும் சூடேறினால் விரிசல் விடும். லேசாக அலையடிக்கும் அந்தப் பழைய கண்ணாடிக்கு மாற்றுக் கிடைப்பது கடினம். ஆகவே இந்தக் கட்டத்தில் மட்டும் எவரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

கண்ணாடியை எடுத்தபின், அது உட்காரும் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பிரைமரோ ஆளி விதை எண்ணெயோ பூசி ஊறவிடுங்கள். பலர் தாவிவிடும் படி இதுதான். காய்ந்த மரம் புது மக்கிலிருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும். மக்கு ஓரிரு ஆண்டில் வெடித்து உதிரும். பிறகு 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மக்கு இட்டு, கண்ணாடியை ஒரே சீராக அழுத்திப் பதித்து, 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தகட்டு முனைகளை அடிக்க வேண்டும். கண்ணாடியைப் பிடித்திருப்பவை இந்த முனைகள்தான். மக்கின் வேலை தண்ணீரைத் தடுப்பது மட்டும். வெளிப்பக்கம் சரிவாக மக்கு இழுக்கும்போது, உள்ளேயிருந்து பார்த்தால் மக்கின் விளிம்பு தெரியக் கூடாது. மேலே சுண்ணத்தூளைத் தூவித் தூரிகையால் துடைத்தால் கண்ணாடியில் படிந்த எண்ணெய் போய்விடும்.

மக்கின் மேல்தோல் இறுக ஒன்றிரண்டு வாரம் ஆகும். குளிரில் இன்னும் கூடுதல். அதற்குமுன் பெயிண்ட் அடித்தால் சுருங்கும். அப்படியே மறந்துவிட்டால் மக்கு காய்ந்து விரியும். பெயிண்ட், மக்கைத் தாண்டிக் கண்ணாடிமேல் ஒன்றரை மில்லிமீட்டர் ஏற வேண்டும். அந்த மெல்லிய கோடுதான் மழைக்கு அடைப்பு. அழகுக்காக அதைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிடுகிறவர்கள் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள்.

1978-க்கு முந்திய வீட்டுப் பெயிண்ட் எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவது, தீச்சுடரால் எரிப்பது இரண்டும் கூடாது. நனைத்துச் சுரண்டுவது, கீழே கனத்த பிளாஸ்டிக் விரிப்பு, நுண்தூசியைத் தடுக்கும் பி100 முகமூடி, அதையே பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சி: இவை இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. வேலை உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். ஒயிட்ஸ்பாக் போன்ற இடத்தில் இன்னொரு காரணமும் உண்டு. மண் புளிப்பானது, புளிப்பு மண்ணில் ஈயம் எளிதாகக் கரைந்து நகரும். உதிர்ந்த பெயிண்ட் செதில் நிலத்தில் விழுந்தால் அது நீருக்குப் போகும் வாய்ப்புக் கூடுதல்.

இனி வயல் பக்கம். கிரான்பெர்ரி வயல் என்பது நாலு பக்கமும் கரை கட்டிய பள்ளம். கரையின் உள்ளே மணல், முகப்பில் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிய புல்கட்டிகள். டிசம்பர் வாக்கில் கொடி மூழ்கும்படி தண்ணீர் கட்டுவார்கள். குளிர்காற்று கொடியைக் காயவைத்துவிடாமல் இருக்க. வசந்தத்தில் வடிப்பார்கள். மதகில் இருபக்கமும் காடி வெட்டி, அதில் சீடர் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருப்பார்கள். ஏரி மதகு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

மதகைத் தன்னார்வலர் தாமாக இயக்கக் கூடாது. வயல்கள் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை, அடுத்த வயலில் பயிர் இருக்கலாம். ஆனால் எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பலகையை ஒவ்வொன்றாக, நேரம் விட்டு எடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக உருவினால் பாய்கிற தண்ணீர் மதகின் அடியை அரித்து, கரையின் காலையே வாரிவிடும். ஊறி உப்பிய பலகையைச் சுத்தியலால் அடித்தால் காடி உடையும். கொக்கி போட்டு இரு முனையையும் மாற்றிமாற்றி இழுக்க வேண்டும்.

தன்னார்வலர் உண்மையிலேயே பயன்படுவது கரைக்காவலில். கரையில் முளைக்கும் பைன் கன்றுகளைப் பென்சில் கனத்தில் இருக்கும்போதே அகற்றுங்கள். பெரிய மரமாகிக் காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையில் ஒரு பெரிய குழியைப் பறித்துக்கொண்டு போகும். ஏற்கெனவே பெரிதாகிவிட்டால் தரையோடு அறுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். கஸ்தூரி எலிகள் நீர்மட்டத்துக்குக் கீழே வளை தோண்டும். தண்ணீர் வடிந்திருக்கும் காலத்தில்தான் வளை கண்ணில் படும். மேலாக மண்ணைத் தள்ளி மூடினால் உள்ளே பொந்து அப்படியே இருக்கும். திறந்து, 15 சென்டிமீட்டர் அடுக்கடுக்காக மண் போட்டு இடித்து மூட வேண்டும். கரையின் வெளி அடியில் கசிவு தெரிந்தால் குனிந்து பாருங்கள். தெளிந்த நீராக இருந்தால் குறித்துக்கொண்டு சொல்லலாம். மணலைச் சுமந்துகொண்டு வந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது. அந்த நிமிடமே பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டும். மதகை நீர்நாய்போல் இருக்கும் பீவர் அடைத்திருந்தாலும் நீங்களாகக் கலைக்காதீர்கள், அதற்கு வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும்.

கைவிட்ட வயல்களை எல்லாம் வெட்டித் திருத்திவிடலாம் என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். அப்படி எளிதாக முடிவெடுக்க முடியாது. பயிர் போன வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் பூச்சி தின்னும் செடிகளும் அரிய சதுப்புநிலத் தாவரங்களும் குடியேறியிருக்கின்றன. நீர் நிற்கும் வயல்களுக்குக் குளிர்காலத்தில் வடதுருவத்துப் பக்கமிருந்து துந்திரா அன்னங்கள் வருகின்றன. வரலாறும் இயற்கையும் அங்கே ஒரே ஏக்கருக்குப் போட்டி போடுகின்றன. ஊரை ஒட்டிய சில வயல்களைப் பழைய தோற்றத்தில் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் கரையையும் மதகையும் மட்டும் காப்பது நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

பழைய ப்ளூபெர்ரிப் புதர்களிடம் போகும்போது கத்தரிக்கோலுக்கு முன்னால் அலுமினியப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசை, எத்தனையாவது செடி என்று எழுதிக் கட்டி, வரைபடத்தில் குறித்தபிறகே வெட்டு. ரகம் என்னவென்று ஊகித்து எழுதக் கூடாது. அடுத்து வருபவர் அதை உண்மையென்று எடுத்துக்கொள்வார். கவாத்துக்கு ஏற்ற காலம் செடி உறங்கும் பிப்ரவரி, மார்ச். போன ஆண்டு வளர்ந்த குச்சியின் நுனியில் உருண்டையாக இருப்பது பூமொட்டு. கீழே ஒட்டி மெல்லியதாக இருப்பது இலைமொட்டு. ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட, பாசி படிந்த தடித்த தண்டுகளை அடியோடு எடுக்கலாம், ஆனால் ஓர் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நுனியை மட்டும் வேலிச்செடிபோல் மட்டமாக வெட்டினால் பூமொட்டுகள் போகும், நடுவே இருட்டு அப்படியே இருக்கும்.

நலிந்த புதரைக் கடுமையாக வெட்டும்முன் குச்சி எடுத்துப் பதியம் போட்டுவிடுங்கள். பென்சில் கனமுள்ள ஓராண்டுக் குச்சி, இலைமொட்டு மட்டும் உள்ள பகுதி, 10 முதல் 15 சென்டிமீட்டர். பாதி பீட் (மக்கிய சதுப்புப் பாசி), பாதி பருமணல் கலவையில், மேலே ஒன்றிரண்டு மொட்டு தெரியும்படி செருக வேண்டும். வசந்தத்தில் இலை துளிர்த்ததும் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து உரம் போட்டால் செத்துவிடும். இலை முதலில் வரும். வேர் இறங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வது தவிர வேறு எதுவும் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: குட்டையாகி இலை சிறுத்து மஞ்சளித்த செடியிலிருந்து குச்சி எடுக்காதீர்கள். தத்துப்பூச்சி பரப்பும் குட்டைநோயாக இருக்கலாம். பதியத்தோடு நோயும் பெருகும்.

மண்ணின் பி.எச். (புளிப்பு அளவு) 4.5 முதல் 5-க்குள் நிற்க வேண்டும். அடுப்புச் சாம்பலைக் குப்பை என்று புதரடியில் கொட்டுவது, சுண்ணாம்புச் சாந்தும் கான்கிரீட் உடைசலும் பக்கத்தில் குவிப்பது, இரண்டும் மண்ணைக் காரமாக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளானால் முதலில் மண்ணைச் சோதியுங்கள், உரப் பையைப் பிறகு தேடலாம்.

வழிகாட்டியாக நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலிசபெத் ஒயிட்டின் சாதனையைச் சொல்வது எளிது. 1910 செப்டம்பரில் லூயிஸ் ஹைன் இங்கே வந்து, தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக எடுத்த புகைப்படங்களில் கிரான்பெர்ரி பறிக்கும் சிறுவர் சிறுமியர் இருக்கிறார்கள். பிலடெல்ஃபியாவிலிருந்து பருவத்துக்கு வந்த இத்தாலியக் குடும்பங்களின் பிள்ளைகள். எலிசபெத் அந்தக் குழுவின் குற்றச்சாட்டுகளை மறுத்துப் பகிரங்கமாக வாதிட்டார். இரண்டையும் சொல்ல வேண்டும். ரோம், ஃபிளாரன்ஸ் என்று பெயர் வைத்த தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றிப் பேசாமல் எலிசபெத்தின் வீடான சனிங்கிவை மட்டும் காட்டி அனுப்பினால், பார்வையாளர் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பார்.

பழைய பறிப்புச் சீப்புகளையும் மரப்பெட்டிகளையும் பளபளப்பாக்க எண்ணெய் தேய்க்காதீர்கள். கைப்பிடியில் படிந்த கறையும் தகவல்தான். மரம் துளைக்கும் வண்டு அரிக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதுத்தூள் விழுந்திருந்தால் அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்து பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள்.

கடைசியாக உடம்பு. மே முதல் ஜூலை வரை உண்ணித் தொல்லை கடுமை. மான் உண்ணி லைம் நோயைக் கொடுக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். 0.5 சதவீத பெர்மெத்ரின் மருந்தை முந்தைய நாளே துணியில் மட்டும் தெளித்துக் காயவிடுங்கள், தோலில் படக் கூடாது. வீடு திரும்பியதும் துணியைத் துவைக்கும்முன் உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓடவிட்டால் ஒட்டியிருக்கும் உண்ணி செத்துவிடும். பிறகு குளித்து, அக்குள், முழங்கால் மடிப்பு, காதுப்பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் நுண்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். எடுத்த தேதியை எழுதி வையுங்கள். சில வாரங்களுக்குள் காய்ச்சலோ, விரிந்துகொண்டே போகும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.